மனிதர்களைப் பேசவைக்கும் மேசை ரோபோ: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசைமேல் உட்காரும் அளவில் ஒரு சின்ன ரோபோ செய்து, அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் தயக்கமில்லாமல் பேச உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரித் திட்டமாக இருக்கலாம். முதியோர் இல்லத்துக்காகவோ, புதிதாக மொழி கற்பவர்களின் வகுப்புக்காகவோ இருக்கலாம். மின்னணுவியலில் பெரிய தேர்ச்சி வேண்டாம். பொறுமைதான் வேண்டும், அதுவும் குறிப்பாகப் படிவம் நிரப்புவதில்.

நான் இதில் இறங்கியபோது மோட்டாரைச் சுழற்றுவது எப்படி என்று சொல்லித்தர ஏராளமானவர்கள் இருந்தார்கள். எப்போது சுழற்றுவது, எவ்வளவு நேரம் சும்மா இருப்பது, யாரிடம் எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட அந்தப் பகுதிகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒயர் இணைப்பது போன்றவற்றை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

1. ரோபோ பேச வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுங்கள்

புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் ஒலிபெருக்கியும் மொழி மாதிரியும் (மனிதரைப்போல் வாக்கியம் அமைத்துப் பதில் சொல்லும் நிரல்) வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் ரோபோவுக்கு இரண்டும் வேண்டாம்.

காரணம் நேரம். 2009இல் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி, மொத்தமாகப் பார்த்தால், சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடி. ஜப்பானிய மொழியில் அது மிகக் குறைவு, டேனிஷ் மொழியில் மிக அதிகம். அந்த அதிகமும் அரை விநாடியைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் ஒற்றைச் சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே மனிதருக்கு 600 மில்லி விநாடி போல ஆகிறது. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் ரோபோவோ மௌனம் வந்தபிறகு காத்திருந்து, பேச்சை எழுத்தாக்கி, பதில் தேடி, குரலாக்கி, பிறகு வாய் திறக்கும். அதற்குள் அந்தப் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எல்லோரும் நிறுத்திவிட்டு ரோபோவைத் திரும்பிப் பார்ப்பார்கள். மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்றுதானே இதை ஆரம்பித்தோம்?

(அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. எனவே 200 என்ற எண்ணை நிரலில் அப்படியே போட்டுவிடாதீர்கள். உங்கள் குழுவை நீங்களே அளக்க வேண்டும். அது படி 2இல் வருகிறது.)

பேசும் ரோபோ எங்குமே உதவாது என்று சொல்லவில்லை. மூன்று மனிதர்களும் ஒரு ரோபோவும் சேர்ந்து ஆடும் விளையாட்டை வைத்து யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தன் தவறை ஒப்புக்கொள்வது, தடுமாற்றத்தைச் சொல்வது என்று ரோபோ மனம்விட்டுப் பேசிய குழுக்களில், மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அதிகமானது. ஆனால் அங்கே ரோபோ வாய் திறந்தது ஒவ்வொரு சுற்றும் முடிந்தபிறகு. எப்போது பேசுவது என்ற சிக்கலை விளையாட்டே தீர்த்துவைத்துவிட்டது. சாதாரண அரட்டையில் அந்த வசதி கிடையாது.

பேசாமல் உதவிய ரோபோக்களுக்கு இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 'கிப்1' என்ற மேசை ரோபோ சொற்களைப் புரிந்துகொள்வதே இல்லை; ஒலியின் போக்கை மட்டும் கவனிக்கும். நிதானமாகப் பேசினால் ஆர்வம் காட்டும், குரல் உயர்ந்தால் பயந்து நடுங்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2019இல் வெளியான 'மைக்பாட்', மைக் வடிவத்திலேயே இருக்கும். குறைவாகப் பேசுபவர் பக்கம் திரும்பும், சாயும், அவ்வளவுதான். அதுவே குழுவின் பேச்சை மாற்றியது. உங்கள் முதல் இலக்கு இந்த அளவுக்கு இருந்தால் போதும்.

2. ரோபோ இல்லாமல் பேச்சைக் கவனியுங்கள்

யார், எங்கே, எதைப் பற்றிப் பேசும்போது பேச்சு நிற்கிறது? இதற்கு ஒரே வரியில் பதில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் பொருள் வாங்கக் கூடாது. "தனிமையைப் போக்குவது" என்பது பதில் அல்ல. "மூன்று பேர் உட்காரும் மேசையில் புதிதாக வந்தவர் கடைசிவரை வாயே திறப்பதில்லை" என்பது பதில்.

காகிதத்தில் வட்டமேசை வரைந்து, யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று அம்புக்குறி போடுங்கள். நீண்ட மௌனங்களுக்குப் புள்ளி வையுங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வேண்டும் (படி 7). பதிவை அளக்க 'ஈலான்' என்ற இலவச மென்பொருள் போதும். யார் எப்போது பேசினார் என்று வரிசை வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லா மௌனமும் சிக்கல் அல்ல. பல காலம் பழகியவர்கள் பேசாமலே உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. யோசிப்பதற்காக வரும் மௌனமும் அப்படித்தான். ஒருவர் வாயைத் திறந்து மூடிக்கொள்ளும் மௌனம், இருவர் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும் மௌனம், இவற்றைத்தான் தேட வேண்டும்.

3. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றுதான். இரண்டு வேண்டாம். பயன்படக்கூடியவை இவை:

பேசுபவரைப் பார்ப்பது. பெரிய பலன் தராது, தவறும் செய்யாது.

பேசாதவர் பக்கம் லேசாகத் திரும்புவது. பலன் அதிகம், ஆபத்தும் அதிகம்.

பேச்சுக்குத் தலையசைப்பது. கேட்பதுபோல் தெரியும், ஆனால் தப்பான இடத்தில் தலையாட்டினால் கிண்டல்போல் ஆகிவிடும். துக்கத்தைச் சொல்லும்போது உற்சாகமாக ஆடும் தலையை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

உதவி தேவைப்படுவதுபோல் நடந்துகொள்வது. ஜப்பானின் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மிச்சியோ ஒகாடா இதைப் 'பலவீனமான ரோபோ' என்கிறார். அவருடைய குப்பைத்தொட்டி ரோபோவுக்குக் குப்பையை எடுக்கவே தெரியாது. பக்கத்தில் வந்து குனிந்து நிற்கும், மனிதர்கள் எடுத்துப் போடுவார்கள். ஒரு சின்ன இயலாமை இருந்தால் சுற்றி இருப்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் இயலாமை எது, பழுது எது என்று பார்ப்பவருக்குப் புரியும்படி வடிவமைப்பது கடினம், அதனால் முதல் ரோபோவுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி 'பேசாதவர் பக்கம் திரும்புவது' என்பதை எடுத்துக்கொண்டு போகிறது.

4. அட்டையில் செய்து, கையால் இயக்கிப் பாருங்கள்

நிரல் எழுதுவதற்கு முன் அட்டைப்பெட்டி, குச்சி, நூல். உங்கள் குழுவினரே மூவர் மேசையைச் சுற்றி உட்காரட்டும். ஒருவர் மறைவாக இருந்து நூலை இழுத்துத் திருப்பட்டும். ஒரு மாலைப்பொழுது போதும், செலவு ஒன்றுமே இல்லை. பல மாத வேலையை மிச்சப்படுத்தும் படி இதுதான், ஆனால் எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

என்ன தெரியவரும் என்று ஓர் உதாரணம். இருவர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மூன்றாமவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரோபோவின் தலை சட்டென்று அவள் பக்கம் திரும்புகிறது. பேசிக்கொண்டிருந்த இருவரும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். அவள் சிரித்து, "நீங்க பேசுங்க" என்று கையைக் காட்டிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொள்கிறாள். அதன்பின் கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. வாய்ப்புக் கொடுப்பதாக நினைத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது ரோபோ.

அதே அசைவை, இருவரும் மூச்சுவிடும் ஓர் இடைவெளியில், மெதுவாக, பாதித் தூரம் மட்டும் திருப்பிப் பாருங்கள். தலை அவளுக்கும் மேசை நடுவுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. யாரும் திடுக்கிடுவதில்லை. பேசியவரில் ஒருவரின் பார்வை மட்டும் அந்தப் பக்கம் போகிறது, "நீ என்ன நினைக்கிறே?" என்று அவரே கேட்கிறார். கேள்வி மனிதரிடமிருந்து வந்தது. ரோபோவுக்கு அதில் பங்கு இருந்தது என்பதே பலருக்கு நினைவிருக்காது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

5. உடல்: சின்னதாக, தாழ்வாக, முகம் குறைவாக

எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்பார்வையை ரோபோ மறைக்கக் கூடாது. இதுதான் முதல் விதி, இதையே மறந்துவிடுகிறார்கள். மேசைமேல் 15 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மன இறுக்கம் (ஆட்டிசம்) உள்ள குழந்தைகளோடு பயன்படுத்திப் பெயர்பெற்ற 'கீப்பான்' ரோபோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரம்தான். இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று, இரண்டு கண், ஒரு மூக்கு. நான்கே விதமான அசைவு. அதற்குமேல் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

முகம் எவ்வளவு மனிதமுகம்போல் இருக்கிறதோ, அவ்வளவு எதிர்பார்ப்பு கூடும். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் ஏமாற்றமும் கூடும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தால் போதும். அதற்கு ஒரு மூக்கோ நிறப்பட்டையோ போதுமானது. திரை வைக்காதீர்கள். திரை இருந்தால் மனிதர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முப்பரிமாண அச்சு கைவசம் இருந்தாலும் முதல் வடிவத்தை அட்டையிலோ ஃபோமிலோ செய்யுங்கள். அச்சிட்ட பொருளை மாற்ற மனம் வராது.

6. பொருள்களும் செலவும்

தேவையானவை: இரண்டு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்), நிரலை ஓட்டும் சின்னக் கணினியான ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (அர்டுயினோ, இஎஸ்பி32 எதுவானாலும்), ஓர் இருக்கைக்கு ஒன்று என்ற கணக்கில் மைக், 5 வோல்ட் அடாப்டர், அட்டை, ஒயர். மொத்தமும் ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலையில் சிறு பங்குக்குள் அடங்கும். போர்டையும் மைக்கையும் விட, இரண்டாவது முறை வாங்குவதற்குத்தான் அதிகம் போகும். அதைத் தவிர்க்கச் சில குறிப்புகள்:

சர்வோ. 'எஸ்ஜி90' என்ற 9 கிராம் சர்வோதான் எல்லோரும் முதலில் வாங்குவது. அதன் பற்சக்கரம் பிளாஸ்டிக். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது தலையைக் கையால் திருப்பினால் பல் உடைந்துவிடும், கண்டிப்பாக யாராவது திருப்புவார்கள். உலோகப் பல் உள்ளதை வாங்குங்கள், அல்லது இரண்டுக்கு நான்காக வாங்கிவையுங்கள்.

மின்சாரம். சர்வோவுக்கான மின்சாரத்தை போர்டின் இணைப்பு முனையிலிருந்து எடுக்காதீர்கள். தலை மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு சின்ன சர்வோவே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; போர்டு தானாக அணைந்து மீண்டும் எழும். பார்ப்பவருக்கு ரோபோ வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். இரண்டு மின்வழிகளின் கிரவுண்டையும் (எதிர்முனை ஒயர்) சேர்த்துக் கட்டுங்கள். இதை விட்டுவிட்டால் சர்வோ தாறுமாறாக ஆடும். சர்வோவின் மின்வழியில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சற்றுத் தேக்கிவைத்துக் கொடுக்கும் பாகம்) ஒன்றையும் போடுங்கள்.

பவர் பேங்க். ஒயர் இல்லாமல் அழகாக இருக்குமே என்று தோன்றும். பல பவர் பேங்குகள் குறைந்த மின்சாரம் இழுத்தால் "சார்ஜ் முடிந்தது" என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். உங்கள் ரோபோ பெரும்பாலான நேரம் சும்மா இருக்கப்போகிறது. அமர்வின் நடுவில் செத்துப்போகும், ஏன் என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

எல்இடி. 'டபிள்யூஎஸ்2812' வகை வண்ண விளக்கு ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். 12 விளக்கு வளையம் என்றால் 720. சர்வோவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உண்மையில் எனக்கு விளக்கே தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது.

கண்ணில் படாத செலவுகள் வேறு. பங்கேற்பவர்களின் போக்குவரத்து, அறை வாடகை, படிவங்களின் அச்சு. எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் நேரம்: ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காகக் குறித்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். மாதச் சந்தா கேட்கும் இணையவழிப் பேச்சுச் சேவை எதுவும் இந்த ரோபோவுக்குத் தேவையில்லை. யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நிதி கொடுத்தவர் கேட்காவிட்டாலும், உடைந்ததை வாங்கப் போகும்போது எந்த மாடல் என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

7. ஆவணங்கள்: பொருள் வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள்

மனிதர்களின் பேச்சைக் கேட்கும் கருவி இது. கல்லூரியிலோ மருத்துவமனையிலோ நடத்துவதென்றால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு நினைத்த நேரத்தில் கூடாது. கூட்டத் தேதியையும் விண்ணப்பத்தின் கடைசி நாளையும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை சும்மா இருக்க வேண்டியதுதான். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் முறையே நிறைவேறுவது அபூர்வம்.

தயாராக இருக்க வேண்டிய தாள்கள்:

தகவல் தாள். ஒரு பக்கம், எளிய தமிழில். ரோபோ என்ன செய்யும், எதைக் கேட்கும், எதைச் சேமிக்கும், எதைச் சேமிக்காது, எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது. "தரவு", "அல்காரிதம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். "உங்கள் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் இது பார்க்கும்; என்ன பேசுகிறீர்கள் என்பது இதற்குத் தெரியாது" என்று எழுதினால் புரியும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம். பங்கேற்பதற்கு ஒரு கட்டம், ஒலிப்பதிவுக்கு ஒரு கட்டம், வீடியோவுக்கு ஒரு கட்டம், பதிவை வகுப்பிலோ மாநாட்டிலோ காட்டுவதற்கு இன்னொரு கட்டம். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் அடக்கினால் திருப்பி அனுப்புவார்கள். குழுவில் ஒருவர் மட்டும் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த அமர்வையே பதிவு செய்ய முடியாது. அப்படி ஓர் அமர்வு வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்தோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும். மறதி நோய் உள்ள முதியவர்கள் என்றால் பராமரிப்பவரின் கையெழுத்து மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் அந்த முதியவர் உட்கார விரும்புகிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நேற்றுச் சரி என்றவர் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இடத்துக்கான அனுமதிக் கடிதம். இல்லத்தின் பொறுப்பாளரோ துறைத் தலைவரோ கையெழுத்திட்டது. வாய்மொழியாகச் சரி என்பது செல்லாது. பொறுப்பாளர் மாறினால் கதை முதலிலிருந்து.

சேமிப்புத் திட்டம். பதிவு எங்கே இருக்கும், யார் திறக்கலாம், எந்தத் தேதியில் அழிக்கப்படும்.

பின்விளக்கத் தாள். ரோபோவை மறைந்திருந்து ஒருவர் இயக்குகிறார், அது பங்கேற்பவருக்குத் தெரியாது என்றால், அதுவும் ஒரு மறைப்புத்தான். விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அமர்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லி, "இப்போதும் உங்கள் பதிவை வைத்துக்கொள்ளலாமா?" என்று மறுபடி கேட்க வேண்டும்.

பெரிய பொறி ஒன்று: அனுமதி வந்தபிறகு, "ஒரு கேமராவையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். சேர்த்தால் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், மீண்டும் காத்திருப்பு. ஒருவேளை தேவைப்படலாம் என்று நினைப்பதை முதல் விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்டுவிடுங்கள்.

8. காது: சொல் வேண்டாம், ஒலியளவு போதும்

மேசை நடுவில் ஒரே மைக் வைத்தால் யார் பேசுகிறார் என்று தெரியாது. ஓர் இருக்கைக்கு ஒரு மைக், நடுவில் அட்டைத் தடுப்பு. எந்த மைக்கில் சத்தம் அதிகமோ அவர் பேசுகிறார். திசை சொல்லும் நான்கு-மைக் போர்டுகளும் உண்டு. விலை கூடுதல், மூவர் மேசைக்கு அவசியம் இல்லை.

ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் ஒவ்வொருவரையும் இயல்பான குரலில் ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்லி அளவைச் சரிசெய்யுங்கள். இதை விட்டால் மெல்லிய குரல்காரர் எப்போதும் "பேசாதவர்" ஆகிவிடுவார். பேசிக்கொண்டிருப்பவரையே பேசச் சொல்லி ரோபோ திரும்பும். மின்விசிறிச் சத்தத்தையும் அளந்து கழியுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினாலே நிறையச் சரியாகும்.

ஒலியை 20 மில்லி விநாடித் துண்டுகளாகப் பார்ப்பது வழக்கம். பேச்சு நின்றதும் உடனே மௌனம் என்று முடிவு கட்டாமல் சுமார் 300 மில்லி விநாடி பொறுங்கள். ஒருவர் தன் பேச்சுக்கு நடுவிலேயே விடும் இடைவெளி, இருவருக்கு இடையில் வரும் இடைவெளியைவிட நீளமாகவும் இருக்கும்.

இன்னொன்று. "ம்", "ஆமா", "அப்படியா", "ஐயோ" இவற்றை ஒருவர் பேசிய தடவையாக எண்ணாதீர்கள். ஒரு விநாடிக்குக் குறைந்ததைத் தனியாக எண்ணுங்கள். ஆனால் தூக்கியும் போடாதீர்கள்: நிமிடத்துக்குப் பலமுறை "ம்" கொட்டுபவர் பேசாதவர் அல்ல, நன்றாகக் கேட்பவர். அவரை நோக்கித் திரும்ப வேண்டியதில்லை. "ம்" கூட வராதவர்தான் நீங்கள் தேடும் ஆள்.

சிரிப்பு எல்லா மைக்கிலும் ஒரே நேரத்தில் விழும். மூன்றிலும் சத்தம் என்றால் ரோபோ அசையாமல் இருக்கட்டும். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ரோபோவின் சொந்தச் சத்தமும் காதில் விழும். சர்வோ ஓடும்போது மைக்கின் கணக்கை நிறுத்துங்கள், மைக்குக்கு அடியில் ரப்பரோ ஃபோமோ வையுங்கள். திரும்பி முடித்ததும் சர்வோவுக்குப் போகும் சிக்னலையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 'ஙீ' என்று முனகிக்கொண்டே இருக்கும், அமைதியான அறையில் அதைவிட எரிச்சலானது ஒன்றும் இல்லை.

9. அசைவின் நேரங்கள்

எஸ்ஜி90 போன்ற சர்வோ 60 பாகையை 0.1 விநாடியில் கடந்துவிடும். "90 பாகைக்குப் போ" என்று கட்டளையிட்டால் கண்சிமிட்டும் நேரத்தில் தலை வெட்டும். படி 4இல் பார்த்த அதே திடுக்கிடல்தான் அப்போதும் நடக்கும். எனவே கோணத்தைச் சிறு சிறு துண்டாகக் கொடுங்கள். 1.2 விநாடியில் திரும்ப வேண்டும் என்றால், 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக 60 துண்டுகள். எல்லாம் சம அளவாக இருந்தால் இயந்திரத்தனமாகத் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக, நடுவில் வேகமாக. அதற்கு எளிய கணக்கு: 0 முதல் 1 வரை போகும் நேர விகிதத்தை எடுங்கள், அதன் வர்க்கத்தின் மும்மடங்கிலிருந்து அதன் கனத்தின் இருமடங்கைக் கழியுங்கள். அந்த விகிதத்தில் கோணத்தை மாற்றினால் போதும்.

நீங்கள் தொடங்குவதற்கு நான் பரிந்துரைக்கும் மதிப்புகள்: கடந்த நான்கு நிமிடத்தின் பேச்சைக் கணக்கில் வையுங்கள். மூவரில் ஒருவரின் பங்கு ஏழில் ஒன்றுக்குக் குறைந்து, கூடவே இரண்டு விநாடி மௌனமும் வந்தால் மட்டும் பாதித் தூரம் திரும்பட்டும். மூன்று விநாடி அப்படியே நின்று நடுவுக்குத் திரும்பட்டும். அதே ஆளை நோக்கி அடுத்த ஐந்து நிமிடத்துக்குத் திரும்பவே கூடாது. அந்த இரண்டு விநாடி முடிவதற்குள் யாராவது பேசிவிட்டால் திட்டத்தைக் கைவிட்டுவிட வேண்டும். பாதி திரும்பியபின் யாராவது பேசத் தொடங்கினால் வெட்டி நிறுத்தாமல் பேசுபவர் பக்கம் மெதுவாகத் தொடரட்டும்.

இவை விதிகள் அல்ல. உங்கள் குழுவில் சாதாரண மௌனமே மூன்று விநாடி என்றால் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

10. சோதனை: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

"ரோபோ உள்ள அமர்வு, இல்லாத அமர்வு" என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. புதிய பொருள் எதை மேசையில் வைத்தாலும் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள். அசையாத ரோபோ உள்ள அமர்வு மூன்றாவதாக வேண்டும். முடிந்தால் கண்டபடி அசையும் ரோபோ நான்காவதாக. எந்த வரிசையில் எந்தக் குழுவுக்கு என்பதை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

முதல் அமர்வின் உற்சாகத்தை நம்பாதீர்கள். அதே குழு வாரம் ஒருமுறை சில வாரங்கள் வர வேண்டும். ரோபோவைப் பற்றிய பேச்சு வடிந்தபிறகுதான் உண்மையான எண்கள் கிடைக்கும்.

கேள்வித்தாளில் எல்லோரும் 'காட்ஸ்பீட்' என்ற பட்டியலை எடுப்பார்கள். ரோபோ மனிதரைப்போல் இருக்கிறதா, உயிருள்ளதுபோல் இருக்கிறதா, பிடிக்கிறதா, புத்திசாலியாகத் தெரிகிறதா, பாதுகாப்பாக உணர்ந்தீர்களா என்று ஐந்து பகுதி அதில். நல்ல கருவிதான், ஆனால் ரோபோவைப் பற்றியது. உங்களுக்குத் தெரிய வேண்டியது பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றி. 'நானும் மற்றவரும்' என்று இரண்டு வட்டங்கள் ஏழு விதமாக ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களைக் காட்டி, எது உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்று கேட்கும் ஒரு பழைய அளவுகோல் உண்டு. எழுத்தறிவு குறைந்தவர்களும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். நான் அதைத்தான் எடுப்பேன்.

பதிவிலிருந்து நான்கு எண்கள் போதும்: ஒவ்வொருவரின் பேச்சுப் பங்கு, நீண்ட மௌனங்களின் எண்ணிக்கை, மனிதர் மனிதரிடம் கேட்ட கேள்விகள், ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கடைசி எண் வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் நீங்கள் செய்திருப்பது வேடிக்கைப் பொருள்.

11. கால அட்டவணை

மொத்தம் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் கவனிப்பும் அட்டை மாதிரியும். இரண்டாம் வாரக் கடைசியில் நெறிமுறை விண்ணப்பம் போய்விட வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் மாதத்தில் ரோபோவைக் கட்டுங்கள். சொந்தக் குழுவை வைத்து நேரங்களைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு வாரம் ஒத்திகை, நான்கைந்து வாரம் அமர்வுகள், மீதி பதிவுகளைக் குறிக்க. தேர்வுக் காலம், விடுமுறை இவற்றைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்; மூவரில் ஒருவர் வராவிட்டாலும் அந்த அமர்வு வீண்.

ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் வைத்திருங்கள். தேதி, யார் எந்த இருக்கை, நிரலின் எந்தப் பதிப்பு, என்ன பழுது, யார் பாதியில் எழுந்தார். நிரலில் ஓர் எண்ணை மாற்றினாலும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்து எண்கள் ஏன் வேறாக இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

12. முடித்துவைப்பது

ரோபோவை எப்போது திரும்ப எடுத்துக்கொண்டு போவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதியோர் இல்லத்திலும் சிறுவர் வகுப்பிலும் அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போவது சரியல்ல. விட்டுவிட்டு வருவதானால் பழுது பார்க்க யார் வருவார், எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். அது முடியாது என்றால் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் எழுதிய தேதியில் பதிவுகளை அழியுங்கள். கணினியில் மட்டுமல்ல, மெமரி கார்டிலும், யாரோ ஒருவர் வசதிக்காகத் தன் கைப்பேசியில் எடுத்துவைத்த நகலிலும். யார், எந்தத் தேதியில் அழித்தார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் நிறைவு அறிக்கையில் அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்துவிட்டால் மறுகேள்வி வராது.